வீட்டில் மட்டும் காந்தாரம் இறங்குகிறதா?

வகுப்பில் வயலினில் சரியாக வரும் சரளி வரிசை (தொடக்கப் பாடம்), வீட்டில் வாசித்தால் காந்தாரம் (க) சுருதி குறைந்து இறங்கிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வகுப்பில் ஆசிரியர் கூடவே வாசிப்பதால் உங்கள் விரல் தானாகச் சரிசெய்துகொள்கிறது. வீட்டில் அந்தத் துணை இல்லை.

சரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளையில், ஷட்ஜத் (ஸ) தந்தியில் ரிஷபம் (ரி) பிரடைப் பக்கம், அதாவது தந்தியை முறுக்கும் முளைகளின் பக்கம், ஒட்டி விழும். காந்தாரம் தள்ளி, மத்யமத்தை (ம) ஒட்டி இருக்கும். நடுவிரல் எட்டாததால்தான் சுரம் குறைகிறது. எட்டுவதற்காக மணிக்கட்டை நகர்த்தினால் ரிஷபமும் கெட்டுப்போகும்.

அதனால் மத்யமத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். மூன்றாம் விரலை (மோதிர விரல்) வைத்து, அதை ஒட்டியே இரண்டாம் விரல் (நடுவிரல்). பஞ்சமத் (ப) தந்தியிலும் இதே அமைப்புதான் (த, நி, ஸ). அங்கே மூன்றாம் விரலில் வரும் மேல் ஷட்ஜத்தைப் பக்கத்து ஷட்ஜத் தந்தியோடு சேர்த்து இழுங்கள். இரண்டும் கலந்து ஒரே நாதமாகக் கேட்டால் இடம் சரி. அலையடித்தால் விரலைக் கொஞ்சம் நகர்த்துங்கள். அந்தக் கை அமைப்பை அப்படியே ஷட்ஜத் தந்திக்குக் கொண்டுபோகலாம்.

சுருதிப்பெட்டி கட்டாயம், வகுப்பில் வைக்கும் அதே கட்டையில் (சுருதி அளவில்). முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்), ஒரு சுரத்துக்கு ஒரு வில் இழுப்பு. இரண்டாம் காலத்துக்கு இப்போது போகவே வேண்டாம். விரல்பலகையில் டேப் ஒட்டுவதை ஆசிரியரிடம் கேட்டுச் செய்யுங்கள். சில ஆசிரியர்களுக்கு அது பிடிக்காது.