வீட்டில் படிக்கும் 14 வயது மகனுக்கு, ரோமானியர்கள் பேரரசை எப்படிக் கட்டினார்கள் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?

சீசரிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். நான் அப்படித் தொடங்கி ஒரு மாதத்தை வீணடித்தேன்.

என் மகளும் வீட்டில்தான் படிக்கிறாள். போன வருடம் ரோமுக்கு வந்தபோது சீசர், அகஸ்டஸ், நீரோ என்று ஆளுக்கு இரண்டு நாள் ஒதுக்கிப் பட்டியல் போட்டேன். மூன்றாவது வாரம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "இவங்கள்லாம் வர்றதுக்கு முன்னாடியே ஸ்பெயின்லேருந்து கிரேக்கம் வரைக்கும் ரோம் கையில இருக்கே, அதை யாரும்மா பிடிச்சது?" என்னிடம் பதில் இல்லை. அகஸ்டஸ் முதல் பேரரசர் ஆனது கி.மு. 27-இல். பேரரசின் பெரும்பகுதி அதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தோம்.

இரண்டாம் முறை கி.மு. 338-ஐப் பிடித்துக்கொண்டேன். பெரும்பாலான காணொளிகள் இந்த வருடத்தைத் தொடுவதே இல்லை. ரோம் அப்போது டைபர் ஆற்றங்கரையில் இருந்த ஓரளவு பெரிய நகரம், அவ்வளவுதான். அக்கம்பக்கத்து லத்தீன் நகரங்கள் கூட்டு சேர்ந்து அதோடு மோதித் தோற்றன. "ஜெயிச்சவங்க அடுத்து என்ன செஞ்சிருப்பாங்க?" என்று கேட்டேன். "ஊரைக் கொளுத்துவாங்க, கப்பம் கேப்பாங்க" என்றாள். ரோம் செய்தது வேறு. தோற்றவர்களை மொத்தமாக வைத்துப் பேசாமல் ஒவ்வோர் ஊருடனும் தனித்தனியாகக் கணக்கை முடித்தது. லனூவியம், அரிக்கியா போன்ற ஊர்க்காரர்களுக்கு முழுக் குடியுரிமை. இன்னும் சில ஊர்களுக்கு ஓட்டு இல்லாத குடியுரிமை. மீதி லத்தீன் ஊர்களுக்கு ஒரு நிபந்தனை: உங்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கூடாது, வியாபாரம் கூடாது, கூட்டம் போடக் கூடாது. எதுவாக இருந்தாலும் ரோமோடு மட்டும்.

இதைப் புரியவைக்கத் தரையில் சாக்பீஸால் இத்தாலியை வரைந்து, ஊர்களுக்கு கேரம் காய்களை வைத்து, சிவப்புக் காயிலிருந்து மற்ற ஒவ்வொன்றுக்கும் நூல் இழுத்தோம். காய்க்கும் காய்க்கும் நடுவில் ஒரு நூல்கூடக் கிடையாது. பத்து நிமிட வேலைதான். ஆனால் நான் விளக்கியதைவிட அந்த நூல் நன்றாக விளக்கியது.

அடுத்த விஷயம்தான் முக்கியம், இங்கே அவசரப்படாதீர்கள். ரோம் தன் நட்பு ஊர்களிடம் கப்பம் கேட்கவில்லை, ஆள் கேட்டது. கூப்பிட்டால் படை அனுப்ப வேண்டும், கொள்ளையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அப்படியென்றால் சண்டையே இல்லாத வருடத்தில் இந்த நட்பால் ரோமுக்கு என்ன லாபம்? இந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நான் சமையலறைக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே வந்து சொன்னாள், "லாபமே இல்லம்மா. அதனால வருஷா வருஷம் எங்கயாவது சண்டைக்குப் போயே ஆகணும்." ஏறத்தாழ அப்படித்தான் நடந்தது. வசந்தம் வந்தால் படை கிளம்புவது அங்கே வழக்கமாகிப் போனது.

ரோமானியர்களின் வாள், அணிவகுப்பு, ஒழுங்கு என்று காணொளிகளில் நிறையக் காட்டுவார்கள். காட்டுங்கள், பையன்களுக்குப் பிடிக்கும். ஆனால் ரோம் நிறையத் தோற்றிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கி.மு. 390 வாக்கில் வடக்கேயிருந்து வந்த 'கால்' (Gaul) இனத்தவர் நகரத்துக்குள்ளேயே புகுந்து சூறையாடினார்கள். கி.மு. 321-இல் இத்தாலியின் மலைப்பகுதி மக்களான சாம்னியர்கள் ஒரு மலையிடுக்கில் ரோமப் படையை மடக்கி, அவமானப்படுத்த நுகத்தடிக்குக் கீழே குனிந்து போகவைத்தார்கள். தோற்றாலும் எப்படி மறுபடி மறுபடி வர முடிந்தது என்பதுதான் பாடமே.

அதற்கு நாங்கள் புளியங்கொட்டை வைத்து விளையாடினோம். வருடத்துக்கான புளியை வாங்கிக் கொட்டை எடுத்த சமயம், கூடை நிறையக் கிடந்தது. ரோமின் எதிரியான வட ஆப்பிரிக்க நகரம் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் இத்தாலிமேல் படையெடுப்பதற்குச் சில வருடங்களுக்கு முன் ரோமும் அதன் நட்பு ஊர்களும் திரட்டக்கூடிய ஆள் பலத்தைப் பொலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார்: காலாட்படைக்கு 7 லட்சத்துக்கு மேல், குதிரைப்படைக்கு சுமார் 70,000. ஒரு கொட்டைக்கு ஆயிரம் பேர் என்று 770 கொட்டை எண்ணி அவளிடம் கொடுத்தேன். நான் ஹன்னிபால், கையில் இருபத்தாறு கொட்டை. ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கியபோது அவனிடம் மிஞ்சியிருந்தது சுமார் 26,000 பேர்.

கி.மு. 217, திராசிமீன் ஏரிக்கரை: அவளிடமிருந்து பதினைந்து கொட்டையை எடுத்தேன். கி.மு. 216, கன்னே போர்: ஒரே நாளில் ஐம்பது. கப்புவா நகரமும் தெற்கே பல ஊர்களும் என் பக்கம் சாய்ந்தன என்று இன்னொரு கைப்பிடியும் அள்ளினேன். அவள் குவியலைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். "நீ எவ்வளவு ஜெயிச்சாலும் எனக்குக் குறையவே மாட்டேங்குதே!" மத்திய இத்தாலியின் நூல்கள் அறுந்திருந்தால் கதையே வேறு. அவை அறவில்லை.

சாலைகளுக்கு ஓர் எளிய வேலை. ரோமானிய மைல் என்றால் ஆயிரம் இரட்டை அடி, இடது கால் ஊன்றும்போது மட்டும் எண்ண வேண்டும். அது சுமார் 1.48 கிலோமீட்டர். தெருவில் நடந்து எண்ணச் சொன்னேன், கைபேசி 1.2 காட்டியது. "ரோமானியங்க நெட்டையா?" என்றாள். இல்லை, படைவீரன் எட்டிவைத்து நடப்பான். கி.மு. 312-இல் அப்பியஸ் கிளாடியஸ் ரோமிலிருந்து கப்புவா வரை, சுமார் 200 கிலோமீட்டருக்குப் போட்ட சாலை முதலில் படை நடக்கத்தான், வியாபாரம் பின்னால் வந்தது. ரோமானியர்கள் கடற்படை கட்டிய கதையை ஒரு நாளில் முடிக்கலாம்: தரைதட்டிய கார்த்தேஜ் கப்பலைப் பார்த்துக் காப்பியடித்தார்கள், கப்பல் தயாராகும் வரை கரையிலேயே பலகை போட்டுத் துடுப்பு வலிக்கப் பழகினார்கள்.

ஒன்றை மறைக்காதீர்கள். கி.மு. 167-இல் மாசிடோனியாவை வென்று திரும்பும் வழியில் ரோமப் படை கிரேக்கத்தின் வடமேற்கே எபிரஸ் என்ற பகுதியில் எழுபது ஊர்களைக் கொள்ளையடித்து ஒன்றரை லட்சம் பேரை அடிமைகளாக்கியது. மாசிடோனியாவிலிருந்து கொண்டுவந்த செல்வத்தால் அதே வருடத்திலிருந்து ரோமக் குடிமக்கள் நேரடி வரி கட்டவில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு அன்று அவள் வேறு எதுவும் படிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

தேர்வுக்குப் பதிலாக ஒரே கேள்வி வைத்தேன்: கி.மு. 216, நீ கப்புவாவில் ஒரு பெரிய மனுஷி. கன்னே முடிந்து ஒரு வாரம் ஆகிறது. ரோமா, ஹன்னிபாலா? இரண்டு பக்கம் எழுதினாள். ஓட்டே இல்லாத குடியுரிமை எதற்கு, நம் பிள்ளைகள் யாருக்காகச் சாக வேண்டும் என்று வாதாடி ஹன்னிபாலைத் தேர்ந்தெடுத்தாள். நல்ல வாதம். அதற்கப்புறம்தான் கி.மு. 211-இல் ரோம் கப்புவாவைத் திரும்பப் பிடித்ததையும், அதன் தலைவர்களைக் கொன்று நகரத்தின் உரிமைகளைப் பிடுங்கியதையும் வாசித்துக் காட்டினேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்று கோபித்துக்கொண்டாள். திருத்தி எழுதுகிறாயா என்றால் மாட்டேன் என்கிறாள்.