ஸ்னெஷ்கா வட்டப்பாதை: இறங்கும்போது வழி மாறியது பற்றி

செக் குடியரசின் மிக உயரமான மலையான ஸ்னெஷ்காவில் இறங்கும்போது வழி மாறியது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். உச்சியிலிருந்து இறங்கும்போது சிவப்புக் குறியை (நடைபாதையைக் காட்டும் வண்ண அடையாளம்) விட்டுவிட்டு மஞ்சள் குறியைப் பிடியுங்கள். மூடுபனியில் நீங்கள், மலையடிவாரத்து பெத்ஸ் ஊருக்கு இறங்கும் வழியிலுள்ள ரூஷோஹோர்கிக்குப் பதிலாக யெலென்கா விடுதியில் போய் நின்றதற்கு, சிவப்பைத் தொடர்ந்ததுதான் காரணமாக இருக்கும்.

பெத்ஸிலிருந்து ஒப்ர்ஷி தூல் பள்ளத்தாக்கு வழியாக நீலக் குறியில் ஏறினால், மேலே கணவாயில் அது சிவப்புக் குறியோடு சேரும்; அங்கிருந்து உச்சிக்குச் சிவப்பில் ஏறுவீர்கள். அந்தச் சிவப்பு செக், போலந்து எல்லையை ஒட்டியே போகிற முகட்டுப் பாதை. 1603 மீட்டர் உச்சியோடு நிற்காது, மறுபுறம் கிழக்கே இறங்கி யெலென்காவுக்கே போய்விடும். கூட வந்த நிறத்தையே கால் தானாகப் பின்தொடரும், அதிலும் மூடுபனியில் கேட்கவே வேண்டாம்.

அடுத்த முறை இப்படிப் பாருங்கள்:

1. உச்சியில் கேபிள் கார் நிலையத்தைக் கண்டுபிடியுங்கள். மஞ்சள் பாதை அந்தக் கம்பித்தடத்தை ஒட்டித் தெற்கே இறங்கும்.
2. பத்து நிமிடம் நடந்ததும் திசைகாட்டியைப் பாருங்கள். கிழக்கே போய்க்கொண்டிருந்தால் உடனே திரும்பி ஏறுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் பெத்ஸுக்கு வேறு பக்கத்திலிருந்து சுற்றி வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

முடியாவிட்டால் கேபிள் காரில் இறங்கிவிடலாம் என்று மட்டும் திட்டமிடாதீர்கள். பலத்த காற்றடித்தால் அதை நிறுத்திவிடுவார்கள், அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. அப்புறம், குளிர்காலத்தில் ஒப்ர்ஷி தூல் மேற்பகுதியில் பனிச்சரிவு அபாயம் உண்டு. பாதை திறந்திருக்கிறதா என்று பெத்ஸிலேயே விசாரித்துவிட்டு ஏறுங்கள்.