வல்லுநர்கள் இருக்க மக்களை எதற்குக் கேட்க வேண்டும்?

கேள்வி: பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு நிர்வாகத் திட்டம் போட வனத்துறையும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். நடுவில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது வேலையை இழுத்தடிக்காதா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: கேட்காமல் செய்த வேலைகள்தான் நம்மைப் பல வருஷமாக இழுத்தடிக்கின்றன. சதுப்பின் மேலேயே பெருங்குடி குப்பைக் கிடங்கு வந்தது. குறுக்கே துரைப்பாக்கம் – பல்லாவரம் 200 அடிச் சாலை போனது. அங்கே மாடு மேய்த்தவர்களையும் மீன் பிடித்தவர்களையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டிருந்தால், தண்ணீர் போகும் தடத்தைக் காலாலேயே காட்டியிருப்பார்கள். இப்போது அந்தக் குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றுவதற்குக் கோடிக்கணக்கில் செலவாகிறது.

தென்சென்னையைச் சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் இந்தச் சதுப்பில்தான் வந்து சேர்கிறது. அது வெளியேறும் முக்கிய வழி ஒக்கியம் மடுவு. அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம். போன ஐப்பசியில் மடுவுக் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கையிலிருந்த கம்பைத் தண்ணீரில் ஊன்றி, ஈரம் ஏறிய இடத்தைக் கட்டை விரலால் பிடித்துக் காட்டினார். முழங்கால்கூட இல்லை. "இங்க ஆள் ஆழம் இருந்துச்சு சார். மண்ணு ஏறிடுச்சு. இப்ப மழை வந்தா தண்ணி போகாது, திரும்பிப் பாக்கும்" என்றார். அந்தக் கம்பு எந்தத் திட்ட அறிக்கையில் இருக்கிறது?

வல்லுநர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடானதும், 2022-ல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் ஏறியதும் பெரிய காரியங்கள். அதற்காக இயற்கை ஆர்வலர்களும் குடியிருப்போரும் எத்தனை வருஷம் மனு கொடுத்தார்கள், வழக்குக்காக அலைந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பூநாரைக்கும் நாமக்கோழிக்கும் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று விஞ்ஞானி சொல்லட்டும். அந்தத் தண்ணீர் எந்தத் தெரு வழியாக வருகிறது என்று அந்தத் தெருக்காரர்தான் சொல்ல முடியும்.

2017 ஈரநில விதிகளின்படி, ஓர் ஈரநிலத்தை அறிவிக்கும் முன் வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல 60 நாள் தர வேண்டும். அதே அக்கறை நிர்வாகத் திட்டத்துக்கும் வேண்டும் என்பது என் கோரிக்கை. ஆங்கிலத்தில் முன்னூறு பக்கம் அச்சடித்து, வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு அரங்கத்துக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? தமிழில் எழுதுங்கள். சாயங்காலம் பெரும்பாக்கத்திலும் ஜல்லடியன்பேட்டையிலும் வரைபடத்தைத் தரையில் விரியுங்கள். வந்த கருத்துகளில் எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் கொடுங்கள். திட்டம் முடிவான பிறகு வந்து கேட்பதில் யாருக்கும் பயன் இல்லை.

நீங்கள் வேளச்சேரிக்காரர். 2015 டிசம்பரில் உங்கள் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் படிவரை ஏறியது, எத்தனை நாள் நின்றது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கையெழுத்தையும் வாங்கி, வனத்துறைக்கு இந்த வாரமே அனுப்பிவையுங்கள்.