சிங்கப்பூரில் ஒரே நாளில் போய்வர சின்னக் கடலோர ஊர் ஏதாவது இருக்கிறதா? என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம்?

ஊர் என்று சொல்லும்படி இங்கே மிச்சமிருப்பது சாங்கி வில்லேஜ்தான். பாதிப் பேருக்கு அது உபின் தீவுக்குப் படகு ஏறும் இடம், அவ்வளவே. பேருந்தை விட்டு இறங்கியதும் படகுத்துறைக்கு ஓடாதீர்கள்.

தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் 2ஆம் எண் பேருந்து ஏறுங்கள். சாங்கி வில்லேஜ்தான் கடைசி நிறுத்தம், தூங்கிவிட்டாலும் பரவாயில்லை.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை, ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அழைத்துப் போனேன். முதலில் ஸ்ரீ ராமர் கோயில். காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்தியிருக்கும். உள்ளே புத்தருக்கும் குவான் யின்னுக்கும்கூட இடம் உண்டு. அம்மா அங்கே நின்றுவிட்டார். "இது யாருடா?" "சீனர்கள் கும்பிடும் கருணைத் தெய்வம்மா." கொஞ்சம் யோசித்தார். "அப்போ தாயார்தானே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்து உணவங்காடி. இங்கே நாசி லெமாக்குக்குத்தான் பெயர். தேங்காய்ப் பாலும் ரம்பை இலையும் போட்டு வேகவைத்த சோறு, பொரித்த கோழி இறக்கை, நெத்திலி, வேர்க்கடலை, முட்டை, ஓரத்தில் சம்பால் என்கிற மிளகாய்த் தொக்கு. சம்பாலில் முதலில் இனிப்புத் தெரியும், காரம் பிறகுதான் வரும். நீள வரிசையைப் பார்த்து நானும் போய் நின்றேன். முக்கால் மணி நேரம் ஆனது, சோறு ஆறிப்போயிருந்தது. அடுத்த தடவை வரிசையே இல்லாத கடையில் வாங்கினேன், எனக்கு அதுதான் பிடித்தது. மேசையில் டிஷ்யூ பொட்டலம் இருந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், உட்காராதீர்கள்.

அம்மாவுக்குச் சைவம். வாழைப்பழ பஜ்ஜி மாதிரியான கோரேங் பீசாங் வாங்கிக் கொடுத்தேன். "இதே எண்ணெயில வேற என்ன பொரிச்சாங்க?" என்று கேட்டார். கடைக்காரரிடம் விசாரித்து வந்து சொன்ன பிறகே கடித்தார். அப்புறம் மூன்று போயிற்று.

கடைத்தெரு ரொம்பச் சின்னது. ராணுவப் பை, பூட்ஸ், கூடாரச் சாமான் விற்கும் கடைகள் உண்டு. பிள்ளை தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, தேக்கோங் தீவுக்குப் போகிற வீடுகளுக்கு அது பயன்படும், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம்.

வெயில் தாழ்ந்ததும் கடலோர நடைபாதைக்குப் போங்கள். 2.2 கிலோமீட்டர், பெரும்பாலும் மரப்பலகை. மறுபக்கம் சாங்கி கடற்கரைப் பூங்கா. காற்று தோதாக இருந்தால் விமானங்கள் தலைக்கு மேலே, சக்கரம் தெரிகிற தாழ்வில் இறங்கும். அதே மணலில்தான் 1942 பிப்ரவரி 20 அன்று ஜப்பானிய ராணுவம் 66 சீன ஆண்களைச் சுட்டுக் கொன்றது. நினைவுக் கல் இருக்கிறது, பக்கத்திலேயே குடும்பங்கள் கோழி வாட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அது ஒவ்வொரு முறையும் உறுத்தும். அப்போது ஜப்பானியர் இங்கே அடைத்துவைத்த போர்க்கைதிகளின் கதை வேண்டுமென்றால், அதே 2ஆம் எண் பேருந்து போகும் வழியில் சாங்கி தேவாலய அருங்காட்சியகம் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை.

சரி, உபினும் போகத்தான் வேண்டுமா? தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். படகுக்கு நேர அட்டவணை கிடையாது, 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். நான் கடைசியாகப் போனபோது ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சில்லறையாக ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா படகு ஆடுவதைப் பார்த்துவிட்டு வரமாட்டேன் என்று படித்துறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.