யோவன்னாளின் பணம்

அன்புள்ள அக்கா,

நான் சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். வயது 39. மனைவி, பிள்ளைகள் உண்டு. பிடித்தம் போகச் சம்பளம் 62,000. வீட்டுக் கடன், தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய பெர்சனல் லோன், கிரெடிட் கார்டு எல்லாம் சேர்த்து மாதம் 41,000 தவணை போகிறது. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்காகச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகம் 6,200 ரூபாயைத் தவறாமல் கொடுத்துவிடுகிறேன்.

போன மாதம் எங்கள் சபையில், கவலைப்படாதிருங்கள் என்று இயேசு சொல்கிற மத்தேயு ஆறாம் அதிகாரத்திலிருந்து பிரசங்கம். கவலைப்படுகிறவன் தேவனை நம்பாதவன், கவலை ஒரு பாவம் என்றார் போதகர். இங்கிலாந்தில் அனாதை இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லர் கதையும் சொன்னார். அனாதைப் பிள்ளைகள் வெறும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், முல்லர் ஜெபிக்கிறார், ரொட்டிக்காரர் வந்து கதவைத் தட்டுகிறார், வாசலிலேயே பால்வண்டி உடைந்து நிற்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. என் வாசலில் மட்டும் ஏன் அக்கா ஒரு பால்வண்டியும் உடைவதில்லை?

பெர்சனல் லோனும் கார்டுக் கடனும் என் மனைவிக்குத் தெரியாது. அவளையும் கவலைப்பட வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

என் கேள்விகள் இவைதான். கவலைப்படுவது பாவமா? கடன் இருக்கும்போது தசமபாகம் கொடுக்கலாமா? இன்சூரன்ஸ், எஸ்ஐபி என்று நாளைக்காகச் சேர்ப்பது அவிசுவாசமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு நான் பதில் போடுவதில்லை. உங்களுடையது வந்தபோது லூக்கா எட்டாம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தில் நடுவே ஒரு வரி அந்த இடத்தில் வந்து குத்தியது. அது எந்த வரி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் சின்னக் கேள்விகளைத் தள்ளிவிடுவோம். சேர்ப்பது அவிசுவாசமா என்கிறீர்கள். யோசேப்பு எகிப்தில் ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக் களஞ்சியத்தில் வைத்தான். அவனை அவிசுவாசி என்று யாரும் சொன்னதில்லை. (பஞ்சம் வந்ததும் அதே தானியத்தைக் காட்டி ஜனங்களின் நிலத்தையெல்லாம் பார்வோன் பேருக்கு எழுதி வாங்கினான். அந்தப் பகுதியை ஞாயிறு பள்ளியில் நமக்குச் சொல்லித் தரமாட்டார்கள்.) இன்சூரன்ஸ் போடுங்கள். எஸ்ஐபி எல்லாம் கார்டுக் கடன் முடிந்த பிறகு.

தசமபாகம். கணக்குப் போடுவோம். 62,000-ல் 41,000 போனால் 21,000. அதில் 6,200 போனால் 14,800. சென்னையில் பிள்ளைகுட்டியோடு ஒரு குடும்பம் 14,800-ல் மாதத்தை ஓட்ட முடியாது. ஆகவே துண்டு விழுவதைக் கார்டில் தேய்க்கிறீர்கள். அந்தக் கார்டுக்கு மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் வட்டி. அப்படியென்றால் காணிக்கைப் பையில் நீங்கள் போடுவது பேங்க்காரன் பணம். தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது காணிக்கை, என்று சொல்லி ஆண்டவருக்கு ஒதுக்கிவிடுகிறவர்களை இயேசு எப்படி ஏசினார் என்று மாற்கு ஏழாம் அதிகாரத்தில் படியுங்கள். உபாகமம் பதினாலையும் படியுங்கள். மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை ஊர் வாசலிலேயே வைத்து, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாகட்டும் என்று இருக்கிறது. தசமபாகம் கொடுத்தால் ஆசீர்வாதம் கொட்டும் என்கிற மல்கியாவின் ‘வானத்தின் பலகணிகள்’ மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

முல்லர். அவரைப் பற்றி நீங்கள் கேட்ட பிரசங்கத்தில் பாதிதான் இருந்தது. பால்வண்டியை விடுங்கள். பிரிஸ்டலில் 1836-ல் வாடகை வீட்டில் தொடங்கியவர், 1870-க்குள் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய கட்டடங்களில் 2,000 பிள்ளைகளுக்கு இடம் பண்ணினார். யாரிடமும் கைநீட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் கடன் வாங்கவும் இல்லை. வந்த காணிக்கையையும் போன செலவையும் வருஷாவருஷம் அறிக்கையாக அச்சடித்து ஊருக்கே தெரியப்படுத்தினார். இன்னொன்று. 1830-ல் நிரந்தரச் சம்பளமே வேண்டாம் என்று விட்டாரே, அது புது மனைவி மேரியோடு உட்கார்ந்து பேசி இரண்டு பேருமாக எடுத்த முடிவு. இதை உங்கள் போதகர் சொன்னாரா?

கவலை பாவமா என்ற கேள்விக்கு நான் தீர்க்கதரிசி எலியாவைத்தான் காட்டுவேன். பயந்து ஓடி வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றான். தேவதூதன் வந்து, உனக்கு விசுவாசம் போதாது என்று பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் வைத்தான். சாப்பிட்டான், மறுபடியும் படுத்துத் தூங்கினான். தூதன் இரண்டாம் தரமும் தட்டி எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். உங்கள் தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் நல்ல டாக்டர் ஒருவரைப் பாருங்கள் தம்பி. அதில் ஆண்டவருக்கு ஒரு குறையும் வராது.

இனி லூக்கா எட்டு. இயேசு பட்டணந்தோறும் கிராமந்தோறும் போகிறார். பன்னிரண்டு பேர் கூடப் போகிறார்கள். சில பெண்களும் போகிறார்கள். மகதலேனாள் மரியாள், ஏரோதின் காரியக்காரனான கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள், இன்னும் பலர். தங்கள் ஆஸ்தியைக் கொண்டு அவருக்கு ஊழியம் செய்தார்கள் என்று லூக்கா ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப் பாருங்கள், அவைகள் விதைக்கிறதுமில்லை அறுக்கிறதுமில்லை என்று மலைமேல் உட்கார்ந்து சொன்னவருக்கும் கேட்ட சீஷர்களுக்கும் சாப்பாட்டுச் செலவில் ஒரு பங்கு யோவன்னாளின் கையிலிருந்து வந்தது. அதுவும் எந்தப் பணம்? யோவான் ஸ்நானகனின் தலையை வெட்டச்சொன்ன ஏரோதின் அரண்மனைக் காரியக்காரன் வீட்டுப் பணம். கூசாவுக்குத் தெரிந்து கொடுத்தாளா, தெரியாமல் கொடுத்தாளா, லூக்கா வாயைத் திறக்கவில்லை. பணப்பை யூதாசிடம் இருந்தது என்று யோவான் எழுதுகிறார். ஆக, பொதுப் பை இருந்தது, பொருளாளர் இருந்தார் (லட்சணம் எப்படியோ), கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தைப் பார்த்துத்தான் கவலைப்படாதிருங்கள் என்று அவர் சொன்னார். தனியாக ஒரு ஃபிளாட்டில், ராத்திரி இரண்டு மணிக்கு, பக்கத்தில் மனைவி தூங்க, ஃபோன் வெளிச்சத்தில் கார்டு பாக்கியைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒற்றை ஆளிடம் இல்லை.

ஆதிச் சபையிலும் இதேதான். அவர்களில் ஒருவனுக்கும் குறைவிருந்ததில்லை என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லி, நிலமும் வீடும் உடையவர்கள் விற்றுக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று காரணத்தையும் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. அப்புறம் அந்தச் சபையில் வந்த சண்டை எதைப் பற்றி? அன்றாட விசாரிப்பில் கிரேக்கு பேசுகிற விதவைகளை விட்டுவிட்டார்கள் என்று. அதற்காகவே ஏழு பேரை நியமித்தார்கள். கவலைப்படாதே என்று அந்த விதவைகளிடம் யாரும் போய் உபதேசம் பண்ணவில்லை.

என் அம்மா உலை வைக்க அரிசி அளந்து எடுத்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்படி மாடத்தில் இருந்த பால்பவுடர் டப்பாவில் போடுவாள். பிடியரிசி. எங்கள் ஊர்க் கோவிலில் (சர்ச்சைத்தான் சொல்கிறேன்) எல்லா வீட்டிலும் உண்டு. மாதக் கடைசியில் கோவில் உபதேசியாரின் மனைவி, உபதேசியாரம்மா, சாக்கோடு வருவார்கள், டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டுவோம். அப்பா வேலை பார்த்த மில் பூட்டிக்கிடந்த வருஷம், ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அதே உபதேசியாரம்மா அதே சாக்கோடு வந்து, இந்தத் தடவை எங்கள் பானையில் கொட்டிவிட்டுப் போனார்கள். அந்த அரிசியை வேகவைத்தவர்களுக்குத்தான் அதன் சேதி தெரியும். நாற்பது வீட்டு அரிசி. புழுங்கல், பச்சை, சம்பா, ரேஷன் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பச்சரிசி குழைந்து கஞ்சியாகும்போது புழுங்கல் விறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு வாய்க்குள் நாலு பதம். தட்டைப் பார்த்ததுமே எனக்கும் அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது, இது கோவில் அரிசி என்று. அம்மா மறைக்கவில்லை. ஆமா, கோவில் அரிசிதான், தின்னுங்க என்றாள். அந்த அரிசியை அளக்கும்போதும் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நமக்கே இல்லை, இதிலேயும் எடுக்கணுமா என்று கத்தினேன். சத்தம் போடாத, தெற்குத் தெருவுல கேக்கும் என்றாள். அங்கேயும் ஒரு வீட்டுக்கு அந்த மாதம் போகவேண்டியிருந்தது.

அம்மாவும் கவலைப்பட்டவள்தான், ராத்திரி அப்பாவோடு குசுகுசுவென்று பேசுவது எனக்குக் கேட்கும். ஆனால் பேசினார்கள். உபதேசியாரம்மாவுக்கும் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது? அம்மா போய்ச் சொன்னாள், அவ்வளவுதான்.

இப்போது பிடியரிசிக்குப் பதில் நம்பர் போட்ட கவர். கொடுத்தவர் பெயரும் தொகையும் வருஷ அறிக்கையில் அச்சாகும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காய் ஆயிரக்கணக்கில் போகும், கை தட்டுவார்கள். ஏலம் எடுத்தவர் அதை எந்தக் கார்டில் தேய்த்தார் என்று யார் கண்டது? கொடுப்பதற்குக் கோவிலில் இடமிருக்கிறது, எனக்கு முடியவில்லை என்று சொல்வதற்கு இடமே இல்லை. கோவிலுக்கு ஏசி போட்டாயிற்று. மூன்றாவது வரிசையில் ஒருவன் மூன்று வாரமாகத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான், அவனைப் பார்த்து மேலேயிருந்து, கவலைப்படுவது பாவம். இதைச் சொல்லும்போது எனக்கு நாக்கில் நல்ல வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

செய்யமுடியாத காரியமும் இல்லை இது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி லண்டனில் 1746 வாக்கில் ஒரு கடன் நிதி வைத்தார். சேர்ந்தது சுமார் 30 பவுண்டு. ஒருவருக்கு ஒருதரம் 20 ஷில்லிங் கொடுப்பார்கள், வாராவாரம் கட்டி மூன்று மாதத்தில் முடிக்கவேண்டும். ஒன்றரை வருஷத்தில் அதே 30 பவுண்டு சுற்றிச் சுற்றி 255 பேருக்கு உதவியது என்று 1748 ஜனவரி நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். நம் நெல்லைச் சீமையிலேயே ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830-ல் தர்ம சங்கம் ஏற்படுத்தினார். புதிதாகக் கிறிஸ்தவர்களாகி ஊரில் அடிபட்டவர்கள் குடியேற நிலம் வாங்கிக் கொடுப்பதற்கு. பயப்படாதே என்று சொல்லி அனுப்பிவிடாமல் நிலம் வாங்கினார்கள். உங்கள் சபையில் பத்துப் பேர் சேர்ந்தால் இதில் ஒரு துளியாவது செய்யலாம். முதலில் உங்களைப்போலவே வாயை மூடிக்கொண்டிருக்கிற இன்னும் ஒன்பது பேர் அங்கே இருப்பார்கள், எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது அந்த வரி. ‘அவளையும் கவலைப்பட வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.’ முகம் தெரியாத எனக்குச் சம்பளக் கணக்கிலிருந்து தசமபாகம் வரை எழுதிவிட்டீர்கள். ஒரே பாயில் படுக்கிறவளுக்குத் தெரியக்கூடாது. இதை அன்பு என்றா நினைக்கிறீர்கள்? தங்கை கல்யாணத்துக்கு என்னைக் கேட்காமல் கடன் வாங்கினாயா என்று கேட்டுவிடுவாளே என்ற பயம். மானம். நம் ஊர் ஆண்களின் பன்னிரண்டு வரி விசுவாசப் பிரமாணத்தில் எழுதாத பதின்மூன்றாவது வரி அது. மாதம் 14,800-ல் அந்த வீட்டை இழுத்துக்கொண்டிருப்பது அவள்தானே. தக்காளி விலையிலிருந்து ஸ்கூல் ஃபீஸ் வரை அவளுக்குத் தெரிந்த கணக்கு உங்களுக்குத் தெரியாது. பணம் பற்றாதது அவளுக்கு ஏற்கெனவே தெரியும், ஏன் என்பது மட்டும்தான் தெரியாது. அந்த ‘ஏன்’-க்கு அவள் மனசுக்குள் என்னென்ன பதில் வைத்திருக்கிறாளோ, உங்கள் கடனைவிட அது மோசமாக இருக்கலாம். பால்வண்டிக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்குள் இருக்கிற யோவன்னாளைக் கதவுக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கிறீர்கள்.

இந்த ஞாயிறு ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் லோன் பேப்பர், கார்டு ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றையும் எடுத்து உங்கள் மனைவி முன்னால் வையுங்கள். திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். குறுக்கே ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று மட்டும் சொல்லாதீர்கள், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்தால் நான் அவர்கள் பக்கம். நகையைக் கழற்றிக் கொடுத்தால் உடனே கை நீட்டாமல், வட்டி அதிகமான கடன் எது என்று இரண்டு பேருமாகப் பாருங்கள். அது கார்டுதான். பேங்க்கில் போய் அதைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஃபிளாட்டை விற்பதைப் பற்றியும் பேசுங்கள். விற்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை, பேசக்கூடாத விஷயம் என்று ஒன்று இருக்கவேண்டாம் என்கிறேன். தசமபாகத்தை என்ன செய்வது என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும்.

அடுத்த கடிதத்தை இரண்டு பேரும் சேர்ந்து எழுதுங்கள். நீங்கள் மட்டும் எழுதினால் பதில் போடமாட்டேன்.

அன்புடன்,
அக்கா