பல ஆன்மிக வழிகளில் நாட்டம் உள்ள ஒருவர் சமூக சேவையை அதோடு எப்படிச் சேர்த்துக்கொள்வது?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். தியானமும் பழகுகிறீர்கள், தேவாரமும் பாடுகிறீர்கள். சூஃபி ஞானிகள் சொன்னதும் பைபிளில் படித்ததும் மனதில் தைக்கின்றன. சேவை செய்யலாம் என்று தேடினால் கண்ணில் படும் ஒவ்வொரு அமைப்பும் ஒரு மதத்தையோ ஒரு குருவையோ சார்ந்திருக்கிறது. எதிலும் முழுதாக ஒட்டாத நான் எங்கே போவது, இரண்டையும் எப்படி இணைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கேள்வி உங்களுக்குத் தானாக வந்திருக்காது. யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். “ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வச்சுக்கிட்டு எந்தக் கரையும் ஏற முடியாது” என்று உறவினர்கள் சொன்னபோது கூட வலிக்கவில்லை. கூட உட்கார்ந்து தியானம் செய்தவர்கள் அதையே வேறு வார்த்தையில் சொன்னபோது வலித்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பதில் இதுதான்: தாராளமாக இணைக்கலாம். ஆனால் அந்த இணைப்பு உங்களுக்குள் நடக்க வேண்டும். உதவி பெறுகிறவரின் எதிரில் நடக்கக் கூடாது.

நான் செய்வது வலி தணிப்புச் சேவை. குணமாகாத நோயோடு வீட்டில் படுத்திருப்பவர்களை, ஒரு நர்ஸோடு வாலண்டியராகப் போய்ப் பார்த்துக்கொள்வது. என்னுடைய வழியும் உங்களுடையதைப் போலக் கலவைதான். சைவ வீட்டில் பிறந்து பதிகம் பாடி வளர்ந்தேன். பிறகு மூச்சையும் உடல் உணர்வுகளையும் கவனிக்கும் விபாசனா தியானம் பழகினேன். வள்ளலாரைப் படித்தேன். ஒரு முஸ்லிம் நண்பரின் தந்தையார் மூலம் திக்ரு, அதாவது இறைவனைத் திரும்பத் திரும்பச் சொல்லி நினைவுகூர்வது, என்னவென்று தெரிந்துகொண்டேன். இதை ஒரு சாதனையாகச் சொல்லவில்லை. ஒரே மதத்தில் ஆழமாக நின்று வாழ்நாள் முழுக்கச் சேவை செய்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை விட நாம் விரிந்த மனம் படைத்தவர்கள் என்ற நினைப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

“பல வழி போகிறவனுக்கு ஆழம் வராது” என்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்கும்போது இந்த வழிகள் எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், நோயுற்றவரைப் பார்க்கப் போனது தன்னைப் பார்க்க வந்ததுதான் என்கிறார் இயேசு. ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் ஒரு ஹதீஸில் இறைவன் மறுமை நாளில் கேட்கிறான்: நான் நோயுற்றிருந்தேன், நீ ஏன் நலம் விசாரிக்க வரவில்லை? அகிலங்களின் அதிபதியான உன்னை நான் எப்படி நலம் விசாரிப்பேன் என்று மனிதன் திகைக்கிறான். என் அடியான் ஒருவன் நோயில் கிடந்தான், அவனிடம் போயிருந்தால் அங்கே என்னைக் கண்டிருப்பாய் என்று பதில் வருகிறது. பௌத்தத் துறவிகளுக்கான ஒழுக்க விதி நூலான விநயத்தில் வருவது இன்னும் நேரடியானது. வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவை யாரும் கவனிக்கவில்லை. புத்தர் தண்ணீர் ஊற்ற, அவருடைய சீடர் ஆனந்தர் அந்தப் பிக்குவைக் கழுவினார். புத்தர் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று புத்தர் சொன்னது அதற்குப் பிறகுதான். இரண்டு பேர் சேர்ந்து ஒருவரைத் தூக்கி மாற்றும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தத் தலைப்பக்கமும் கால்பக்கமும் நினைவுக்கு வரும்.

வள்ளலாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாதி, சமயம், மதம் எதையும் கேட்காமல் பசி தீர்க்க 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. வழிபாட்டுக்கான ஞானசபை அதற்குப் பிறகுதான் வந்தது, 1872இல். அந்த வரிசையைக் கவனியுங்கள்.

இனி என் அனுபவம். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

ஒரு பெரியவர். வாய்ப் புற்று, கழுத்துக்குப் பரவிவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கடவுள் மறுப்பாளர். முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, புண்ணைத் துடைக்க வர்றியா, வா. சாமி பேரைச் சொல்ல வர்றதா இருந்தா இப்பவே கிளம்பிடு” என்றார். குழறலாகத்தான் வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. சரிங்கய்யா என்றேன்.

அவருக்குச் செய்தது என்ன என்று சொல்கிறேன், சேவை என்றால் மேடையும் மைக்கும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். விரலில் காஸ் துணியைச் சுற்றி, சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் நனைத்து, கன்னத்தின் உட்புறத்தை மெதுவாகத் துடைக்க வேண்டும். நாக்கில் படிந்து காய்ந்திருப்பதை இழுத்து எடுக்கக் கூடாது. ஊறவைத்து, ஊறவைத்து எடுக்க வேண்டும். கடைசியில் உதட்டில் வாசலின். கழுத்துப் புண்ணிலிருந்து வந்த நாற்றத்தால் பேரப்பிள்ளைகள் அறைக்குள் வருவதையே விட்டிருந்தார்கள். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவி நர்ஸ் டிரெஸ்ஸிங் செய்யத் தொடங்கிய பிறகு, நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகள் அடங்கின; நாற்றம் குறைந்தது. பிள்ளைகள் திரும்ப உள்ளே வந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க மகனுக்குச் சொல்லிக்கொடுத்தோம். இடுப்பு, வால் எலும்பு, குதிகால் மூன்றையும் பார்த்து, சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின்னும் சிவப்பு மாறாமல் இருந்தால் உடனே சொல்லச் சொன்னோம். படுக்கைப் புண் அங்கேதான் தொடங்கும். அந்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது. டிரெஸ்ஸிங் முடிந்ததும் அவருக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவேன். தலையங்கத்தைத்தான் முதலில் கேட்பார். நான் வாசிக்கும் வேகம் பிடிக்காவிட்டால் விரலால் கட்டிலைத் தட்டுவார்.

அவருடைய மனைவி பக்தி உள்ளவர். ஒருநாள் என்னை வாசல் பக்கம் அழைத்து, கையில் திருநீற்றைக் கொடுத்து, “அவர் தூங்கும்போது நெத்தியில கொஞ்சம் வச்சு விட்ருப்பா. நான் வச்சா முழிச்சுக்குவார். நீ துடைக்கிற மாதிரி வச்சுட்டா தெரியாது” என்று கேட்டார். கண்ணில் தண்ணீர். அந்தத் திருநீற்றை நான் தினமும் பூசுகிறவன். எனக்கு அது வெறும் சாம்பல் இல்லை. இருந்தாலும் முடியாதுங்கம்மா என்று சொல்லிவிட்டேன்.

இதை நான் பின்னால் நண்பர்களிடம் சொன்னபோது பாதிப் பேர் என்னைத் திட்டினார்கள். சாகக் கிடக்கிறவருக்குத் தெரியவா போகிறது, அந்த அம்மாவுக்கு ஒரு நிம்மதி கிடைத்திருக்குமே, மனசாட்சியே இல்லையா என்றார்கள். இங்கேயும் சிலர் அதையே கேட்பீர்கள். என் பதில் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். அந்த மனிதர் எழுந்து உட்காரக்கூட முடியாத நிலையில் என்னை நம்பித் தன் வாயையும் கழுத்தையும் கொடுத்திருந்தார். சுயநினைவோடு இருந்தபோது அவர் விதித்த ஒரே நிபந்தனை அது. தூங்கும்போது அதை மீறினால், நான் துடைத்த ஒவ்வொரு துடைப்பும் பொய்யாகிவிடும். நாளைக்கு வேறொரு வீட்டில், தொழுகையை விடாத ஒரு பெரியவரின் கையில் யாரோ அவர் தூங்கும்போது சிலுவையைத் திணித்தால் நான் எந்த முகத்தோடு தடுப்பேன்? பல வழிகளை மதிக்கிறேன் என்று சொல்கிறவன், எந்த வழியும் வேண்டாம் என்பவரையும் அந்தப் பலவற்றில் ஒன்றாக எண்ண வேண்டும். அவரை விட்டுவிட்டுச் சொல்லும் சமரசத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அந்த அம்மாவை அப்படியே விட்டுவிடவும் இல்லை. அவருக்காக ஒரு நேரம் ஒதுக்கினோம். ஐயாவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, பின்கட்டில் அவரோடு உட்கார்ந்து குரலைத் தாழ்த்திப் பதிகம் பாடினேன். அவரும் கூடப் பாடினார். அது அவருடைய வீடு, அவருடைய துக்கம், அவர் கேட்ட பாட்டு. ஐயா இறந்தபின், அவர் எழுதி வைத்தபடியே சடங்கு எதுவும் இல்லாமல் எடுத்துப்போனார்கள். அதற்குப் பிறகும் சில மாதங்கள் அந்த வீட்டுக்குப் போய்வந்தோம். துக்கத்தில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதும் இந்தச் சேவையில் அடக்கம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. குணமாகாத நோயாளிகளைக் கடைசி வரை பராமரிக்கும் நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தபோதே எந்த மதத்தவருக்கும் மதமே இல்லாதவருக்கும் அதன் கதவைத் திறந்து வைத்தார். உடல் வலியோடு மனவலி, குடும்ப வலி, ஆன்ம வலி எல்லாம் சேர்ந்ததுதான் மொத்த வலி என்று சொல்லிக்கொடுத்தவரும் அவரே. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் பிற தொண்டு நிறுவனங்களும் பேரிடர் உதவிக்காக 1994இல் வகுத்த நடத்தை விதிகளிலும் இதே கருத்து உண்டு: உதவியை ஒரு அரசியல் நிலைப்பாட்டையோ மத நிலைப்பாட்டையோ பரப்பப் பயன்படுத்தக் கூடாது.

அப்படியென்றால் தியானமும் பாட்டும் படிப்பும் எதற்கு என்று கேட்கலாம். எல்லாம் எனக்காக. நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு முகம் சுளிக்காமல் இருக்க மூச்சைக் கவனித்த பழக்கம் உதவுகிறது. இறந்தவர் வீட்டிலிருந்து திரும்பிய இரவில் பதிகம் என்னைத் தாங்குகிறது. குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதும் வீட்டில் எப்போது எழுந்து ஒதுங்கி நிற்க வேண்டும், ஜெபம் நடக்கும்போது எப்படித் தலை குனிய வேண்டும் என்பதெல்லாம் பல இடங்களில் உட்கார்ந்து பழகியதால்தான் தெரிகிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள். விபாசனாவின் பத்து நாள் பயிற்சியில் மற்ற வழிபாடுகளை அந்த நாட்களுக்கு மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. எந்தப் பயிற்சிக்கும் அதன் முழு நேரத்தைக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். அந்தப் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. முன்பு பயின்றவர்கள் நன்கொடை கொடுத்து, தாங்களே வந்து சமைத்துப் பெருக்கிப் புதியவர்களுக்காக நடத்துகிறார்கள். வழியும் சேவையும் அங்கே பிரிந்தே இல்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: “இது உங்க கர்மவினை”, “கடவுள் உங்களைச் சோதிக்கிறார்” என்று எந்த நோயாளியிடமும் சொல்லிவிடாதீர்கள். வலியில் துடிப்பவருக்கு அப்போது தேவை மார்ஃபின் மாத்திரை, அதுவும் அடுத்த வலி தலைதூக்குவதற்கு முன்பே, சரியான நேரத்தில்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நன்கொடையாகச் சக்கர நாற்காலி கொடுக்கிறவர்கள் நிறைய. அதன் முதுகில் ‘உபயம்’ என்று முழுப் பெயர், பட்டம், தொலைபேசி எண் எல்லாம் எழுதித்தான் வரும். நோயாளி தெருவில் போகும்போது அந்த விளம்பரத்தைச் சுமந்துகொண்டு போக வேண்டும். ஆனால் படுக்கைப் புண் வராமல் தடுக்கும் காற்று மெத்தையான ஏர் பெட்டின் மோட்டார் பழுதானால் அதைச் சரிசெய்யக் காசு கேட்டுப் பாருங்கள், ஒருவரும் தரமாட்டார்கள். மோட்டாரில் பெயர் எழுத இடமில்லையே! பழுதான மோட்டார்கள் அலமாரியில் கிடக்க, ஒருவருக்கு முதுகு முழுக்கப் புண் வந்ததைப் பார்த்திருக்கிறேன். கொடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து பழுதுபார்க்கவும் கொடுங்கள். வாங்கிப்போன குடும்பங்களும், ஆள் இறந்தபின் கட்டிலையும் மெத்தையையும் மாடியில் போட்டுவிடாமல் திருப்பிக் கொடுங்கள், அடுத்தவர் காத்திருக்கிறார்.

எங்கே சேர்வது என்றீர்களே. மத அமைப்பு என்பதற்காக ஒதுக்க வேண்டாம். 1897இல் விவேகானந்தர் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷனிலிருந்து சீக்கியக் குருத்வாராக்களில் எல்லோருக்கும் இலவசமாக உணவு தரும் லங்கர் வரை, வருகிறவரின் மதத்தைக் கேட்காமல் செய்யும் இடங்கள் உண்டு. சேருமுன் பொறுப்பாளரிடம் நேராகக் கேளுங்கள்: உதவி பெறுகிறவர் பிரார்த்தனையில் உட்கார வேண்டுமா? அவர் முகத்தைப் படம் எடுத்துப் போடுவீர்களா? எனக்குப் பயிற்சி தருவீர்களா? முதல் இரண்டில் எதற்காவது ‘ஆம்’ என்றோ மூன்றாவதுக்கு ‘இல்லை’ என்றோ பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். கிடைத்துவிட்டால் வாரத்தில் ஒரு நாளை மட்டும் ஒப்புக்கொண்டு, அந்த ஒரு நாளைத் தவறவிடாதீர்கள். நோயாளி அந்தக் கிழமைக்காகக் காத்திருப்பார்.