வாசகர் கேள்வி: துடிக்கும் பழுப்புக் குறுமீன்கள்

கேள்வி: ஹைட்ரஜனை எரிக்கவே எடை போதாத பழுப்புக் குறுமீனிலிருந்து (brown dwarf, விண்மீனுக்கும் கோளுக்கும் இடைப்பட்ட வான்பொருள்) ரேடியோ அலை எப்படி வருகிறது?

பதில்: காந்தப்புலம்தான் காரணம். 2001-இல் எல்பி 944-20 என்ற பழுப்புக் குறுமீனின் ரேடியோ அலையை அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி பிடித்தது. எக்ஸ் கதிரை வைத்துக் கணித்ததைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் வலுவாக இருந்தது! துருவங்களுக்கு அருகே காந்தக் கோடுகளைச் சுற்றும் எலெக்ட்ரான்கள் ஒத்திசைந்து மேசர் (ரேடியோ அலையில் இயங்கும் லேசர்) போலக் கதிர்வீசும். அலைவெண் ஒரு காஸுக்கு (காந்தப்புல வலிமையின் அலகு) 2.8 மெகாஹெர்ட்ஸ். எனவே 8.4 கிகாஹெர்ட்ஸில் துடிப்பு தெரிந்தால், அது பிறந்த இடத்தில் 3,000 காஸ் புலம் இருக்கிறது. இதே வகையில் வரும் வியாழனின் ரேடியோ இரைச்சல் சுமார் 40 மெகாஹெர்ட்ஸோடு அடங்கிவிடும். அங்கே சுமார் 14 காஸ்தான். ஆனால் எல்லாப் பழுப்புக் குறுமீன்களும் பேசுவதில்லை. தேடியவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் சிக்கியிருக்கிறது.

கேள்வி: அந்த அலை ஒருசமயம் வலுவாகவும் ஒருசமயம் மங்கலாகவும் இருப்பது ஏன்?

பதில்: இரண்டு வகைக் கதிர்வீச்சு கலந்து வருகிறது. ஒன்று மெல்ல மாறும் அடித்தளம். எல்எஸ்ஆர் ஜே1835+3259-இல் இது கதிர்வீச்சு வளையத்திலிருந்து (காந்தப்புலத்தில் சிக்கிய மின்துகள்களின் வளையம்) வருவதை 2023-இல் படமாகவே எடுத்துவிட்டார்கள். (அது விண்மீனா பழுப்புக் குறுமீனா என்ற எல்லைக்கோட்டில் நிற்பது.) மற்றது மேசர் துடிப்பு. அந்தக் கதிர் உள்ளீடற்ற கூம்பின் மெல்லிய சுவர் போலப் பரவுகிறது. சுழற்சியில் சுவர் நம்மைக் கடக்கும்போது மட்டும் பளிச்சிடும். இதே பொருளுக்குச் சுழற்சி 2.84 மணி நேரம்.

ஆகவே ஒரு மணி நேரம் மட்டும் பார்த்துவிட்டு "அலை இல்லை" என்று முடிவு கட்டக்கூடாது. குறைந்தது இரண்டு சுழற்சிகளாவது தொடர்ந்து பாருங்கள். தரவு முழுவதையும் சராசரியாக்கிப் படம் போட்டால் சில நிமிடத் துடிப்பு கரைந்துவிடும். துடிப்பு ஏறக்குறைய 100% வட்ட முனைவாக்கம் கொண்டது, அதாவது அலையின் மின்புலம் திருகு போல ஒரே பக்கமாகச் சுழலும். வலச்சுழி, இடச்சுழி வேறுபாட்டைச் சிறு நேரத் துண்டுகளாகப் பிரித்து வரையுங்கள். இரு துருவங்களின் துடிப்புகளும் எதிரெதிர்ச் சுழியாக இருந்தால், மொத்தச் சராசரியில் ஒன்றையொன்று அழித்துவிடும். செயற்கைக்கோள் சமிக்ஞைகளும் வட்ட முனைவாக்கம் கொண்டவையாக இருக்கலாம், ஜிபிஎஸ் போல. அவற்றை முதலில் கழித்துவிடுங்கள்.

கேள்வி: ரேடியோ காட்டும் சுழற்சியும் அகச்சிவப்பு காட்டும் சுழற்சியும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. ரேடியோ துடிப்பு உள்ளே வேரூன்றிய காந்தப்புலத்தோடு சுழல்கிறது; அகச்சிவப்பு மேகங்களோடு. 2மாஸ் ஜே1047+21 என்ற பழுப்புக் குறுமீனில் முறையே 1.758, 1.741 மணி. இந்த ஒரு நிமிட வித்தியாசத்திலிருந்துதான், 2020-இல் அங்கே நொடிக்குச் சுமார் 650 மீட்டர் வேகக் காற்று வீசுவது தெரிந்தது.

கேள்வி: வீட்டு ஆண்டெனாவில் இவற்றைப் பிடிக்கலாமா?

பதில்: முடியாது, பெரும்பாலும் சில மில்லிஜான்ஸ்கிக்கும் (ரேடியோ அலை வலிமையின் மிகச் சிறிய அலகு) குறைந்த சமிக்ஞைகள் இவை. வியாழனுக்கு முயலுங்கள்: 20.1 மெகாஹெர்ட்ஸ், மொத்தம் 7 மீட்டர் நீள இருமுனை ஆண்டெனா.